கஞ்சி போட்ட காலர்

என் அக்கா ஓட்டல் ஒன்றில் இஸ்திரி போடுகிறவள். விரிப்பில் சின்னச் சுருக்கம் தெரிந்தால் போதும், மேனேஜர் எல்லார் முன்னாலும் விரலை நீட்டி, “ஏ எருமை!” என்பான். அவள் அதை எடுத்துப்போய் மறுபடி தேய்ப்பாள். ஒருநாள் வீட்டில் மகள் தண்ணீரைக் கொட்டிவிட, அக்காவும் அதேபோல் விரலை நீட்டி “எருமை!” என்று கத்தினாள். பிள்ளை ஒடுங்கிப்போனாள். அக்காவுக்கு ரத்தம் கொதித்தது, மகள்மேல் அல்ல.

மேனேஜரின் சட்டைகளும் அவள் கைக்குத்தான் வரும். மறுநாள் காலருக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு, தகடுபோலத் தேய்த்துக் கொடுத்தாள். கழுத்து சிவந்துபோய், யாரைத் திட்டுவதென்றாலும் அவன் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

சாயங்காலம் அக்கா அதை நடித்துக் காட்டினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நாளைக்குப் பேன்ட்டுக்கும் போடுறியாம்மா?”

“அது கஞ்சியோட கொடியில காயுதுடி.”