ரோஜா வேரில் உப்பு

நான் ஆம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர். தோட்டம் வளர்க்கும் பெண்மணி ஒருவர், செடிகளைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் நாவல்களை விரும்பிப் படிப்பேன். தோல் பதனிடும் டேனரியில் உப்பு தடவும் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு பஷீர், தினமும் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "இன்னா சார், கொலைகாரன் மாட்னானா?" என்பார்.

கோடையில் என் ரோஜாச் செடிகள் கருகின. வேரருகே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. நாவல் நாயகியைப்போல நானும் துப்பறிந்தேன். டேனரி சூப்பர்வைசருக்கு போன் செய்து, பஷீர் கம்பெனி உப்பைத் திருடி என் செடிகளில் கொட்டுகிறார் என்றேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"உங்க செடில நான் ஏன் சார் உப்பு போடப் போறேன்?" என்று மட்டும் கேட்டார்.

சில நாள் கழித்து என் மனைவி குளியலறை பக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. "போர்வெல்லை ஆழப்படுத்தினதுலேர்ந்து இப்டித்தான் இருக்கு. இதையும் பஷீர் பாய்தான் கொட்டினாரா?"

செடிகளுக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தேன். கரித்தது.

டேனரிக்குப் போய் என் தவறைச் சொன்னேன். பஷீரை மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது செடி வாடினால் என் வீட்டுத் தண்ணீரைத்தான் முதலில் சோதிக்கிறேன். அந்த நாவல்களை இன்னும் படிக்கிறேன்.

பஷீர் தினமும் வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார். சைக்கிள் நிற்பதில்லை.