தெய்வாத்தாளின் பியட்டும் கொழுந்தனின் சாவியும்

அன்னூர்ப் பக்கம் அந்த வெள்ளை பியட் காரை எல்லோரும் ஆறுச்சாமி வண்டி என்றுதான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் தெய்வாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? வளையலை விற்று வாங்கியவள் அவள். ஊர் சிரித்தபோதும் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தவள் அவள். ஆறுச்சாமி அவள் கொழுந்தன், அவ்வளவுதான். புருஷன் தவறிப்போன மறுமாதமே, "பத்திரமா எங்கிட்ட இருக்கட்டுமுங்க" என்று இரண்டாவது சாவியை வாங்கிக்கொண்டு போன மனுஷர். அந்த ஒரு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குள் கார்க்காரராகிவிட்டார்.

கேட்காமல்தான் எடுத்துப் போவார். தொண்ணூற்று நாலு ஆவணியில், பல்வலியில் கன்னம் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள் வாசலுக்கு வந்து பார்த்தால், வண்டி நின்ற இடத்தில் ஆயில் கறைதான் கிடந்தது. உடுமலைப்பேட்டையில் அவர் சிநேகிதர் வீட்டுக் கல்யாணமாம். கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே போனாள். திரும்பி வந்த வண்டியில் பெட்ரோல் சொட்டுக்கூட இல்லை. பின் சீட்டில் வெற்றிலை எச்சில் மட்டும் இருந்தது. தட்டிக் கேட்க ஒரு நாதியில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவளுடைய சாவியும் காலை வாரியது. தேய்ந்து மெலிந்திருந்த கழுத்து முறிந்து, வளையத்தோடு தலை மட்டும் கையில் வந்துவிட்டது. மிச்சத் துண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினால்தான் வண்டி கிளம்பும். வேறு வழியில்லாமல் ஆறுச்சாமியிடம் போய் அந்த இன்னொரு சாவியைக் கேட்டாள்.

"ஏனுங்க நங்கையா, உங்களுக்கெதுக்கு இந்தத் தொந்தரவு? எங்கியாச்சும் போகோணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார், அண்ணி நிற்க, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல்.

என்ன தாராளம் பாருங்கள். அவள் வண்டியில் அவளையே ஏற்றிக்கொண்டு போவாராம்.

மறுநாள் பிளேயரும் கையுமாகக் கோயமுத்தூருக்கு ஓட்டினாள். உக்கடத்தில் சாவிக்கடை வைத்திருந்த நாகூர் மீரான் உடைந்த துண்டைப் பார்த்தார், பிளேயரைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"புதுத் தலை பத்த வெச்சுக் குடுத்தரலாமுங்க அக்கா. ஆனா கார்ச் சாவின்னா வண்டிக்காரரு நேர்ல வரோணும். ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துருங்க."

"வண்டிக்காரி நேர்லதான் நிக்கறனுங்க" என்று ஆர்.சி. புத்தகத்தை மேஜைமேல் போட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. திருட்டு வண்டியா இருந்துபோட்டா போலீஸ்காரங்க என்னையத்தான் புடிப்பாங்க."

"ஆம்பளைங்க வந்தா, ஊட்டுக்காரியைக் கூட்டிட்டு வான்னு சொல்லுவீங்களா?"

மீரான் சரி என்று தலையாட்டினார். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பற்றவைக்கும் விளக்கைக் கொளுத்தப் போனவர், சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒட்டுப் போட்டது ஒட்டுப் போட்டதுதானுங்க. இன்னொரு சாவி இருந்தாக் கொண்டாங்க, அதைப் பார்த்துப் புதுசாவே வெட்டித் தாரேன்."

தெய்வாத்தாளுக்குச் சுரீர் என்றது. ஒட்டினால் என்ன, வெட்டினால் என்ன? அந்த இன்னொரு சாவி ஆறுச்சாமி இடுப்பில்தானே இருக்கப் போகிறது? தலை உடைந்த சாவிக்காக இத்தனை தூரம் வந்தோமே, உடைக்க வேண்டியது அவர் சாவியை அல்லவா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"தலை வேண்டாமுங்க. வண்டி கிளப்பற பூட்டையே மாத்திருங்க."

"பூட்டு நல்லாத்தானுங்க இருக்குது?"

"எனக்கு நல்லா இல்லீங்க."

அவர் விளக்கை வைத்துவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தார். சாயங்காலம் புதுப் பூட்டோடு வீடு திரும்பினாள். அதன் இரண்டு சாவியும் அவள் மடியிலேயே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சலவை வேட்டியும் கூட்டாளிகள் இரண்டு பேருமாக ஆறுச்சாமி வந்தார். கதவுப் பூட்டு பழையதுதான், திறந்தது. உட்கார்ந்து சாவியைச் செருகினார். நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை. கூட்டாளிகள் பார்க்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். சாவித்தலை அவர் விரலோடு வந்துவிட்டது.

தெய்வாத்தாள் அவசரப்படாமல் நடந்து வந்து கட்டிங் பிளேயரை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"உங்க துண்டை உருவி எடுத்துக்குங்க கொழுந்தனாரே. எங்கியாச்சும் போகோணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."