கண்டக்குழியில் கண்டெடுத்த பெட்டி

2024 ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒரு மணி இருபது நிமிடம். ஜும்ஆ முடிந்த கையோடு, கண்டக்குழிப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி நான் ஒளித்துவைத்த பெட்டியை ஊருக்கு அறிவித்தது. உள்ளே ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பிளாஸ்டிக் ஒட்டகம். உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். ஒளித்த பொருளைத் தொலைந்த பொருளாகக் கருதும் நேர்மையை ஜியோகேஷிங் விதிகள் எங்கும் எதிர்பார்க்கவில்லை.

விளையாட்டு எளிது. ஒருவர் பெறுமதியற்ற பெட்டியொன்றை ஒளித்து, அது இருக்கும் புள்ளியை இணையத்தில் இடுவார். முன்பின் அறியாதவர்கள் கைபேசியுடன் தேடி வந்து, கொப்பியில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நான் இலக்கியம் படிக்கும் லைப்சிக் நகரில் கௌரவமான மனிதர்கள் ஞாயிறுதோறும் இதைச் செய்கிறார்கள். அங்கே முதல் தடவை பூங்கா வாங்கொன்றின் கீழ் குனிந்திருந்தபோது, நாயுடன் வந்த ஒருவர் எதைத் தொலைத்தேன் என்று கேட்டார். ஒன்றையும் தொலைக்கவில்லை, தேடுகிறேன் என்றேன். என் ஜேர்மன் மொழிக்கு இரங்கி, தொலைந்த பொருள்களுக்கான அலுவலகத்தின் முகவரியை எழுதித் தந்தார்.

விடுமுறைக்கு வந்தபோது எங்கள் கரையிலும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். வாப்பாவின் தம்பியான சாச்சாவின் மீன்வாடிக்குப் பின்னால் ஒரு தாழம்புதர் வசதியாக இருந்தது. வசதியற்ற விடயத்தை மறந்திருந்தேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து சாச்சா அமைத்த அந்த வாடிக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக, பக்கத்து விடுதிக்காரர் அந்தத் துண்டு நிலத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்ட சாச்சா, யாரோ நிலம் அளக்க அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று முடிவுசெய்து, சாட்சியோடு பள்ளியில் ஒப்படைத்திருக்கிறார்.

பள்ளி வாசலில் செயலாளருக்கு நான் விளக்கினேன். சாச்சா கைகட்டி நின்றார்.

"ஒட்டகம் யாருக்கு, மகள்?" என்றார் செயலாளர்.

"தேடி எடுக்கிற ஆளுக்கு. பதிலா அவர் ஒண்டு வெச்சிட்டுப் போவார்."

"இதப் படிக்கத்தானா ஜேர்மனிக்குப் போனீங்க?"

பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், அந்தப் புள்ளி எங்கே பதிவாகும் என்று மட்டும் சாச்சா கேட்டார். கைபேசியில் படிவத்தைக் காட்டினேன். நீங்கள் அங்கே வசிப்பவரா, பயணியா? வசிப்பவர் என்றால் அத்துடன் முடிந்தது. பயணி என்றால் இன்னொரு கட்டம் திறக்கும்: அந்த நிலத்துக்கு உரியவரும் பெட்டியைப் பார்த்துக்கொள்ளப்போகிறவருமான உள்ளூர்வாசியின் பெயர்.

"அதில என்ட பேர் வருமா?"

"வரும். ஆனா சாச்சா, கோட்டில இது செல்லாது."

"தெரியும். முப்பத்திநாலு வருஷமா எங்கள 'வந்த ஆக்கள்' எண்டுதான் எழுதிக் கிடக்கு. ஒரு இடத்திலயாவது மாத்தி எழுதிக் கிடக்கட்டும்."

அன்று மாலை முழுவதும் முதல் கேள்வியிலேயே நின்றேன். லைப்சிக்கில் எந்தப் படிவத்திலும் வெளிநாட்டவர் என்று தயங்காமல் எழுதுகிறவள் நான். இங்கே பிறந்தவள் தன்னை வசிப்பவர் என்பது பொய்யில்லை. ஒன்பது மாதம் இல்லாமலிருந்துவிட்டு அப்படிச் சொல்வது முழு உண்மையும் இல்லை. அதை அழுத்தினால் சாச்சாவின் கட்டம் திறக்கவும் போவதில்லை.

மறுநாள் காலை, தேநீருக்கு முன், 'பயணி' என்பதை அழுத்தினேன். திறந்த கட்டத்தில் சாச்சாவின் முழுப் பெயரை, அவருடைய வாப்பாவின் பெயரையும் சேர்த்து, எழுத்துப் பிழையின்றி எழுதி அனுப்பினேன்.