மகளின் கடைசிப் பெயர்

இந்த ஊரில் என்னை யாரும் என் பெயரால் கூப்பிடுவதில்லை. தபால்காரரும் சரி, அலுவலகத்தில் என் மேலாளர் காத்ரினும் சரி, "ஹெர் செல்லையா", அதாவது திரு. செல்லையா, என்கிறார்கள். செல்லையா என் அப்பா. மயிலாடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடங்கள் ஆகியும், அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் பின்னால் நிற்கிறாரோ என்று ஒரு கணம் திரும்பிவிடுகிறேன்.

நான் வலைச் செயலிகள் எழுதுகிறவன். பிள்ளைகளின் பிறப்பைப் பதிய ஒரு நகராட்சிக்குச் செயலி செய்துகொண்டிருந்தோம். அதில் பக்கங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமையும். குடும்பத்தின் பக்கம் வெளியே, பிள்ளையின் பக்கம் அதற்குள்ளே. வெளிப்பக்கத்தில் இருக்கும் குடும்பப் பெயரை உள்பக்கம் தானாக எடுத்துக்கொள்ளும். அப்படி எழுதியதும் நான்தான்.

அந்த நாட்களில் எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்குக் கடைசிப் பெயராக என் அப்பாவின் பெயரையே வைக்கட்டுமா என்று அவரிடமே போனில் கேட்டேன்.

"எனக்க பேரு எதுக்கு மக்கா? பிள்ளைக்கு அப்பன் நீதானே? ஒனக்க பேரைப் போடு."

"இங்க குடும்பத்துக்கே ஒரே பேருதான் அப்பா."

"அது அவங்களுக்கு. நமக்கு எதுக்குடே?"

மறுநாள் வேலையில், சோதனைக்காக மகளின் பெயரோடு என் பெயரைச் சேர்த்துப் படிவத்தை அனுப்பினேன். குடும்பப் பெயர் பொருந்தவில்லை என்று செயலி என்னை வெளிப்பக்கத்துக்குத் தள்ளியது. தட்டியதெல்லாம் அழிந்துபோனது. இரவெல்லாம் பிள்ளை அழுததால் தூங்காத கண்களோடு மறுபடி தட்டினேன். மறுபடி வெளியே.

காத்ரின் எட்டிப் பார்த்தார். "பிழையா?"

"இல்லை, எங்கள் வழக்கம். எனக்கு அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மன்னிக்கவும். பிரிந்துவிட்டீர்களா?"

விளக்கத் தெம்பில்லை. "ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்" என்றேன்.

காத்ரின் நகராட்சியில் கேட்டார். வெளிநாட்டுப் பெற்றோர் தங்கள் வழக்கப்படி பெயர் வைக்கலாம் என்றார்களாம். பிள்ளையின் கடைசிப் பெயரை உள்பக்கமே கேட்கும்படி மாற்றினேன். தவறு இருந்தால் அந்தக் கட்டத்தின் கீழேயே சொல்லவும், தட்டியது அழியாமல் நிற்கவும் செய்தேன். மகளுக்கும் என் பெயரோடு பதிவு முடிந்தது. நியாயமாக மகிழ்ந்திருக்க வேண்டும். அப்பாவின் பெயர் இந்த நாட்டில் என்னோடு நின்றுவிடும் என்பதுதான் மனதில் ஓடியது.

சனிக்கிழமை காலை அப்பாவை வீடியோவில் அழைத்து, போனைத் தொட்டிலருகே சாய்த்து வைத்தேன். அங்கே அவர் கடைக்குப் பக்கத்துச் சிற்பக் கூடத்தில் கல் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

"சத்தத்துல பிள்ளை முழிச்சிரும். வச்சிரட்டா?"

"வேண்டாம் அப்பா."

சன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்தது. உளிச் சத்தத்தில் மகள் அயர்ந்து தூங்கினாள். அப்பா யாருக்கோ பருப்பு நிறுக்கப் போய்விட்டார். உளிச் சத்தம் நின்றால் மகள் எழுந்துவிடுவாளோ என்று, ஆளில்லாத திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.