சிங்கப்பூருக்குப் போனவளின் அம்மா

கோலா சிலாங்கூரில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் நான் தாதி. படிக்கும்போது என்னோடு ஒரே அறையில் தங்கியவள், இங்கேயும் என் பக்கத்து மேசையில்தான் வேலை செய்தாள். மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்த வருடத்தில் அவள் சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். அரசாங்கம் செலவைக் குறைத்துக்கொண்டிருந்ததால் அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அவளுடைய நோயாளிகளும் என் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களில் அவள் அம்மாவும் ஒருவர். தஞ்சோங் காராங்கிலிருந்து வருவார். சர்க்கரை வியாதி, இடது பாதத்தில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் நான் கழுவிக் கட்டுவேன். வலி தெரியாமலிருக்க அவர் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

“அங்கல்லாம் உக்காந்து சாப்பிட நேரம் குடுக்குறாங்களாம்மா.”

அன்று மணி மூன்று. நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. காலையில்தான் அவள் ஜப்பானில் எடுத்துப் போட்டிருந்த படங்களைப் பார்த்திருந்தேன். ஊசி போடக் கை நடுங்கியவள் அவள், பழக்கிவிட்டவள் நான்.

“அப்படின்னா அவளையே வந்து கட்டச் சொல்லுங்க, ஆன்டி.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் நானே அவர் வீட்டுக்குப் போனேன். கால் வீங்கி, வாசலிலேயே நாற்றம் அடித்தது.

“மிஸ்ஸிக்கு எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன்.”

மற்ற நோயாளிகள் தாதிகளை அழைப்பதுபோல் அதுவரை என்னை அவர் ‘மிஸ்ஸி’ என்று அழைத்ததே இல்லை. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மகள் வந்தாள். வார்டுக்கு வெளியே என்னைக் கட்டிக்கொண்டு, “நீ இங்க இருக்கன்னுதான் நான் அங்க நிம்மதியா இருக்கேன்,” என்றாள். அம்மா அவளிடம் எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவளுடைய நிம்மதிகூட என் தலையில்தானா என்று வயிறு எரிந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“பொறாமை. வேற என்ன.”

“அப்ப நீயும் வா லா. வேலைக்கு ஃபாரம் அனுப்புறேன்,” என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஃபாரம் வந்த அன்றே நிரப்பி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. ஆன்டி கிளினிக்குக்கு வருகிறார், நான் கட்டுகிறேன். மகளைப் பற்றி அவர் இப்போது வாய் திறப்பதில்லை. இந்த வாரம் அவள் எங்கே போனாள், என்ன சாப்பிட்டாள் என்று நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.