தூக்கு மேடைப் படமும் காலைச் சாயாவும்

மூன்று குறிப்புகள்:
1. நேற்று இடப்பள்ளியில் பார்த்த படம்.
2. அதைப் பற்றி இன்று சாயாக்கடையில் நடந்த பேச்சு.
3. அதில் நான் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தது.

படத்தின் முடிவில் ஒருவனைத் தூக்கிலிடுகிறார்கள். கொன்றது அவன்தானா என்பது கடைசிவரை தெரியவில்லை.

காலையில் கொச்சங்காடியில் வழக்கமான கடைக்குப் போனேன். கடைக்காரரின் தம்பிக்குத் தூக்கு விதித்திருக்கிறார்கள், அப்பீல் நடக்கிறது. அது தெரியாத ஒரு மிளகு வியாபாரி அவரிடமே அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"படம் கொள்ளாம் இக்கா. ஆனா கொன்னவனுக்கு எதுக்கு ஜெயில்ல சோறு? சட்டுனு தூக்கிரணும்." என் பக்கம் திரும்பினார். "மாஷ் படிச்ச ஆளு, நீங்களே சொல்லுங்க."

கடைக்காரர் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வியாபாரி போன பிறகு, சர்க்கரை இல்லாத என் சாயாவைக் கொண்டுவந்து வைத்தார். "பஞ்சாரை போடல மாஷே," என்றார், தினமும் சொல்வதுபோலவே. என்னால் குடிக்க முடியவில்லை.

முப்பது வருடம் வகுப்பில் பேசியே சம்பளம் வாங்கியவன் நான். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள். நாளைக்கும் அந்தக் கடைதான்.

திருத்தம்: மூன்றாவது குறிப்பு தவறு. வியாபாரி கேட்டபோது, ஆமாம் என்று தலையாட்டினேன்.