கையை விட்டுப் பார்த்த நாள்

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியின்போது என் கிட்டார் கீழே விழுந்தது. கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு நான்தான் கிட்டார் வாசிப்பேன். அன்று நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தவள், பாட்டுப் புத்தகத்தில் பக்கம் புரட்டக் கையை எடுத்தேன். கிட்டாரின் அடியில் இருக்கும் குமிழிலிருந்து தோள்வார் கழன்றுவிட்டது. பிடிப்பதற்குள் மொசைக் தரையில் தலைகுப்புற விழுந்தது. கம்பிகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்து அடங்கின.

கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் ஒரு விரிசல். ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆசைப்பட்டு வாங்கிய கிட்டார் அது. கடையில் கொடுத்து ஒட்டி வாங்கினேன். மரம் பழையபடி நின்றது, சத்தமும் மாறவில்லை. மாறியது நான்தான். அதற்குப் பிறகு நின்று வாசித்தால் இடது கை, சுரம் பிடிப்பதை விட்டுவிட்டுக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன். குழுவில் எல்லோரும் நிற்க நான் மட்டும் உட்கார்ந்திருந்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

வாரின் ஓட்டை தேய்ந்து அகன்றுவிட்டது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். புது வார் வாங்கினேன். அதன் தோல் விறைப்பாக இருந்ததால் குமிழில் நன்றாக உட்காரவில்லை. குமிழின் மேல் ரப்பர் பேண்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அறுந்தது. என் கணவர் குழாய்க்குப் போடும் வாஷர் ஒன்றைக் கொண்டுவந்தார். அது தடிமனாக இருந்தது, குமிழின் தலையைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. ஷூ லேஸால் வாரையும் குமிழையும் சேர்த்துக் கட்டினேன். கட்டு நின்றது, என் பயம் போகவில்லை.

குருத்தோலை ஞாயிறு நெருங்கியது. அன்றைக்குத் தெருவில் பவனி உண்டு. நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், நாற்காலிக்கு வழியில்லை. இந்த வருடம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று குழுத் தலைவரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் மாமியார் கண் ஆபரேஷனுக்காக வந்து எங்களோடு தங்கினார்.

அவருக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலத்தில் பருத்தியும் சோளமும் போடுகிறார். நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் கிறிஸ்தவள், அவர்கள் குலசாமி கும்பிடுகிறவர்கள். எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. ஆனால் சாப்பாடு, மழை, பிள்ளைகளின் படிப்பு தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நான் எழுந்து நின்று பழகிப் பார்த்தேன். பாதியில் நிறுத்தினேன்.

"ஏத்தா, உக்காந்து வாசிக்கையில நல்லாத்தான இருக்கு. நின்னா மட்டும் ஏன் அத நெரிச்சுப் பிடிக்கிற?"

விழுந்த கதையைச் சொன்னேன். கிட்டாரைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, விரலால் குமிழைத் தடவிப் பார்த்தார். ஊருக்குப் போன் போட்டு, மருந்தடிக்கிற மிஷினுக்கு வாங்கி வைத்திருக்கும் புது வாஷர்களைக் கொழுந்தனாரிடம் கேட்டார். மறுநாள் அவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். மெல்லிசாக, இழுத்தால் விரிகிற கறுப்பு ரப்பர் வளையங்கள். வாரை மாட்டி, அதற்கு மேல் ஒரு வளையத்தை விரித்துக் குமிழின் தலைக்கு அடியில் உட்கார வைத்தேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அப்படியும் என்னால் கையை எடுக்க முடியவில்லை. மாமியார் எழுந்துபோய்த் தன் மெத்தையை இழுக்கத் தொடங்கினார். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று ஓடிப்போய் நான் வாங்கினேன். அதை என் காலடியில் விரிக்கச் சொன்னார். மேலே இரண்டு தலையணைகளையும் போட்டார்.

"இப்ப விழுந்தா மெத்தையிலதான விழும். கைய விடு."

விட்டேன். கிட்டார் என் வயிற்றின் மேல் சும்மா தொங்கியது. குனிந்தேன், திரும்பினேன், லேசாகக் குதித்தேன். அது என்னோடேயே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

பவனியில் நடந்துகொண்டே வாசித்தேன். தூசி ஆகாது என்று சொல்லியும் கேட்காமல், "கோயில் வாசல் வரைக்கும் வாரேன்" என்று வந்து நின்றார் மாமியார். குருத்தோலைகளுக்கு நடுவில் அந்தக் கறுப்புக் கண்ணாடி தெரிந்தது. மேடு பள்ளமான தெருவில் ஒரு தடவைகூட என் கை கழுத்தை நெரிக்கவில்லை.

கோடை முடிவதற்குள் வளையத்தில் வெடிப்பு விட்டது. மாற்றுவதற்குப் பொட்டலத்தில் இன்னும் இருந்தன. ஆனாலும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று ஸ்ட்ராப் லாக் ஒரு ஜோடி வாங்கினேன். பழைய குமிழைக் கழற்றிவிட்டு மாட்டுகிற இரும்புப் பூட்டு அது. அதன் திருகாணி பழைய துளைக்குச் சிறியது, சும்மா சுற்றியது. என் கணவர் தீக்குச்சிகளைச் சீவி, பசை தடவித் துளைக்குள் அடைத்தார். ஒருநாள் காயவிட்டு முடுக்கியதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வாரை உள்ளே தள்ளினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். பித்தானை அமுக்கினால்தான் வெளியே வரும்.

மழைக்காலத்தில் இரண்டாவது கண்ணுக்காக மாமியார் மறுபடியும் வந்தார். வந்ததும் பூட்டைப் பூட்டித் திறந்து பார்த்தார். அப்புறம், "எந்தோள்ல ஒருக்கா மாட்டி விடு" என்றார். வாரை நீளமாக்கி, அவர் கொண்டைக்கு மேலாக எடுத்து மாட்டினேன். பெருவிரலால் கம்பிகளை மேலிருந்து கீழே இழுத்தார்.

"இம்புட்டுச் சத்தம் வருது" என்றார் ஆச்சரியமாக.

ஒரு சுரத்துக்கு விரல் எங்கே வைப்பது என்று கேட்டார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் வைத்தேன். தேய்ந்த தடித்த விரல்கள். கம்பி அவருக்கு வலிக்கவே இல்லை.